கேம் மெஷினுக்குள் நான் வைத்த பல்

முப்பது ஆண்டுகளுக்கு மேல் தொழிற்சாலைகளில் வடிவமைப்பு வேலை பார்த்தேன். அந்தக் காலத்தில் எழுதிய அறிக்கைகளில் பெரும்பாலானவை மறந்துவிட்டன. ஒன்று மட்டும் வரி வரியாக நினைவிருக்கிறது. ஒன்றரைப் பக்கம். அதில் ஒரு பொய் இருந்தது. அந்தப் பொய்க்கு நான் எப்படி வந்து சேர்ந்தேன் என்பதை, இன்று இந்த வேலைக்கு வரும் பொறியாளர்களுக்காக எழுதிவைக்கிறேன்.

1. மேஜைமேல் வந்த மெஷின்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் டி.வி. கேம் மெஷின் செய்யும் கம்பெனி ஒன்றில் வடிவமைப்புத் தலைவராக இருந்தேன். டி.வி.யில் ஒயரை மாட்டி, விளையாட்டுகள் பதிந்த ஒரு கார்டை மேலே செருகி, கையில் கன்ட்ரோலரைப் பிடித்துக்கொண்டு விளையாடுவது. செல்போன் விளையாட்டு இன்னும் எல்லா வீட்டுக்கும் வந்திராத காலம்.

எங்கள் மெஷின் தடிமனானது. பழுப்பு நிறம். ஆறு ஸ்க்ரூ. அடித்தட்டில் ஓர் இரும்புத் தகடு வைத்திருந்தேன். பிள்ளைகள் விளையாட்டு வேகத்தில் ஒயரை இழுப்பார்கள். எடை இல்லாவிட்டால் மெஷின் ஸ்டாண்டிலிருந்து விழும். கார்டு போடும் ஸ்லாட்டைச் சந்தையில் எல்லோரும் செய்கிற பொது அளவிலேயே வைத்திருந்தேன். யாருடைய கார்டும் எங்கள் மெஷினில் ஓடும். பெட்டிமேல் பெரிய எழுத்தில் ‘எல்லா கார்டும் ஓடும்’ என்று அச்சடித்திருந்தோம். எங்கள் மெஷின் விற்றதற்குப் பாதிக் காரணம் அந்த வரிதான்.

ஒரு நாள் காலை எம்.டி. என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். ஆந்திர எல்லையில் இருக்கும் தடாவிலிருந்து வந்து இங்கே தொழில் தொடங்கியவர். அவர் மேஜைமேல் போட்டிக் கம்பெனியின் புது மெஷின் இருந்தது. கறுப்பு நிறம், மெல்லிய உடம்பு. அதை ஒரு கையிலும் எங்கள் மெஷினை இன்னொரு கையிலும் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னா சார் இது? நம்முளுது செங்கல்லு மாதிரி கீது. அவன்து பிஸ்கட்டு மாதிரி கீது. புள்ளைங்க எதைக் கேக்கும்?”

“நம்மது விழாது சார்,” என்றேன்.

“விழாது. கடையில இருந்து எழுந்திருக்கவும் மாட்டேங்குதே!”

அதைவிட முக்கியமான விஷயம் விலை. அவர்கள் மெஷின் எங்களுடையதைவிட எழுநூறு ரூபாய் குறைவு. எடுத்துப் போய்ப் பிரித்துப் பார்த்தேன். நான்கு ஸ்க்ரூ, எடைத்தகடு இல்லை, உள்ளே ஒயர் ஒல்லி. அப்படியும் அந்த விலைக்குச் செய்ய முடியாது. ஸ்லாட்டைப் பார்த்ததும் புரிந்தது. அவர்கள் கம்பெனி கார்டு மட்டும்தான் அதில் நுழையும்.

எம்.டி.யிடம் போய் விளக்கினேன். வெளிநாட்டில் பெரிய கம்பெனிகள் செய்கிற வழக்கம்தான் இது: மெஷினை அடக்க விலைக்கோ அதற்கும் கீழோ கொடுத்துவிடுவார்கள், பிறகு விற்கிற ஒவ்வொரு விளையாட்டிலும் லாபத்தை எடுப்பார்கள். மெஷின் வீட்டுக்குள் போக ஒரு வழி, அவ்வளவுதான். இதையெல்லாம் படித்திருந்தேன். படித்ததைச் சொல்லும்போது எனக்கு ஒரு மிதப்பும் இருந்தது.

எம்.டி. கேட்டுவிட்டு, “அப்போ நாமளும் அதையே பண்ணிடலாம்,” என்றார்.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டிய மறுபாதி ஒன்று உண்டு. அந்தப் பெரிய கம்பெனிகளிடம் வேறெங்கும் கிடைக்காத விளையாட்டுகள் இருக்கின்றன. எங்களிடம் அப்படி எதுவும் இல்லை. நாங்கள் விற்ற கார்டில் இருந்ததெல்லாம் எல்லோர் கார்டிலும் இருந்தவை. மேலும் எங்கள் பக்கத்தில் ஒரு கார்டு ஒரு வீட்டில் நிற்பதில்லை. மீஞ்சூரில் வாங்கிய கார்டு பொன்னேரியில் ஓடும், பழவேற்காட்டில் கைமாறும், விடுமுறைக்குத் திருவள்ளூர் அத்தை வீட்டுக்குப் போய்வரும். இந்த ஊரில் ஒருவன் மெஷினை நஷ்டத்துக்குக் கொடுத்தால், நஷ்டம் நஷ்டமாகவே நிற்கும்.

எனக்கு இது தெரியும். எம்.டி. என்னைப் பாராட்டும் முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லாமல் விட்டேன்.

2. பல்

புது மாடலுக்கான வேலை தொடங்கியது. போட்டிக்காரன் விலைக்கும் கீழே நூறு ரூபாய் என்பது எம்.டி. கொடுத்த இலக்கு. பொருள் பட்டியலை எடுத்துவைத்து ஒவ்வொன்றாகக் குறைத்தேன். இரும்புத் தகடு போனது. இரண்டு ஸ்க்ரூ போயின. கன்ட்ரோலர் ஒயரை நீளம் குறைத்தேன். அதனால் பிள்ளைகள் டி.வி.க்கு முழம் கணக்கில் கிட்டே போய் உட்கார வேண்டிவந்தது. ஸ்லாட்டை உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டோடு சேர்த்துத் தாங்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் முட்டு ஒன்று இருந்தது. அதையும் எடுத்தேன். அது போனதும் ஸ்லாட் வெறும் சோல்டரை, அந்த ஈயப் பற்றவைப்பை மட்டும் நம்பி நின்றது.

மீதியைக் கார்டில் எடுப்பதென்று முடிவு. அதற்காக ஸ்லாட் வாயின் இடதுபக்க ஓரத்தில் ஒன்றரை மில்லிமீட்டர் உயரத்துக்கு ஒரு பல் வைத்தேன். எங்கள் புதுக் கார்டில் அதே இடத்தில் ஒரு பள்ளம் இருக்கும், அது நுழையும். பழைய கார்டும் பிறர் கார்டும் பல்லில் முட்டி நின்றுவிடும்.

மோல்டு வேலை தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பிளாஸ்டிக்கை உருக்கி வார்க்கும் இரும்பு அச்சுதான் மோல்டு. மோல்டில் இரும்பைச் சுரண்டினால் பிளாஸ்டிக்கில் பல் முளைக்கும். அது அரைநாள் வேலை. அந்தப் பல்லைப் பிறகு வேண்டாமென்றால், சுரண்டிய இடத்தை வெல்டிங் வைத்து நிரப்பி மறுபடி கடைய வேண்டும். மோல்டு வெளியூர் போய்வர வேண்டும், அதுவரை உற்பத்தி நிற்கும். வைப்பது சுலபம், எடுப்பது கஷ்டம். டூல் ரூமில் என்னிடம் கேட்டார்கள், “சார், நெசமாவே வேணுமா? சுரண்டிட்டா சுரண்டினதுதான்.” வேணும் என்று டிராயிங்கில் கையெழுத்துப் போட்டேன்.

பெட்டி விஷயமும் என் மேஜைக்கு வந்தது. பழைய பெட்டிகள் கிடங்கில் நிறையக் கிடந்தன. ‘எல்லா கார்டும் ஓடும்’ என்ற வரியோடு.

“சார், இந்த வரியை மறைக்க ஸ்டிக்கராவது ஒட்டலாம்,” என்று எம்.டி.யிடம் சொன்னேன்.

“பெட்டி தீரட்டும் சார். பெட்டியைப் படிச்சா வாங்குறாங்க? விலையைத்தான் படிப்பாங்க.”

அதிலும் கையெழுத்துப் போட்டேன்.

கார்டு நுழையவில்லை என்றால் வாங்கியவர் என்ன செய்வார் என்று நான் யோசித்தேன். புதுக் கார்டு வாங்குவார் என்று என்னிடம் நானே பதில் சொல்லிக்கொண்டேன். கையில் நல்ல கார்டை வைத்திருக்கும் ஒருவர் வேறு என்னவெல்லாம் செய்வார் என்று யோசிக்கவில்லை.

3. கை எண் இருபத்தேழு

எஸ்தரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். சோல்டரிங் லைனில் வேலை பார்த்தவர். கவரைப்பேட்டைப் பக்கம் ஊர். அவர் அப்பா அம்மா காலம்வரை வயல் கூலி வேலை. அந்த வீட்டிலிருந்து கம்பெனி வேலைக்கு வந்த முதல் ஆள். ஸ்லாட்டில் அறுபது பின், அதாவது சின்னச் சின்ன உலோகக் கால்கள், இருக்கும். பின்னுக்கும் பின்னுக்கும் இடைவெளி தலைமுடி அகலம்தான். அந்த அறுபதையும் ஒன்றோடொன்று ஒட்டாமல் வைக்கத் தெரிந்தவர் எங்கள் கம்பெனியில் அவர் ஒருவர்தான். அதனால் ஸ்லாட் வேலை முழுக்க அவரிடமே போகும்.

‘கை எண்’ என்ற முறையைக் கொண்டுவந்தவன் நான். சோல்டர் வைத்தவர் தன் எண் அச்சிட்ட சிறு ஸ்டிக்கரை போர்டில் ஒட்ட வேண்டும். யாருடைய வேலை நல்ல வேலை என்று தெரிய வேண்டும், நல்ல வேலைக்காரருக்கு அது பலன் தர வேண்டும் என்பது என் எண்ணம். எஸ்தரின் கை எண் 27.

அவர் ஆறு ஆண்டுகளாகக் கான்ட்ராக்ட். ஆண்டுக்கு ஒருமுறை பத்து நாள் வேலையை நிறுத்தி, பிறகு புது ஆளாகச் சேர்த்துக்கொள்வார்கள். ஆறு ஆண்டுகள் உழைத்தாலும் பேப்பரில் அவர் நேற்று வந்தவர். அந்த ஆண்டு மூன்று பேரைப் பர்மனென்ட் செய்வதாக இருந்தது. பட்டியலில் முதல் பெயராக எஸ்தரை நான்தான் எழுதிக் கொடுத்தேன்.

கேன்டீன் வாசலில் என்னைப் பார்த்துக் கேட்டார், “சார், லிஸ்ட்ல நம்ம பேரு கீதாமே?”

“இருக்கு. இன்னும் கையெழுத்தாகல. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.”

“சொல்ல மாட்டேன் சார். ஆறு தபா புதுசா சேந்துட்டேன். ஏழாவது தபாவாவது பழசா இருந்துட்டுப் போறேன்.” பக்கத்திலிருந்த பெண்கள் சிரித்தார்கள். “இன்னாடி சிரிக்கிறீங்க? எங்க ஊட்டுக்காரருக்குக்கூட நான் பழசாயிட்டேன். கம்பெனிக்குத்தான் இன்னும் புதுப்பொண்ணு.”

4. மஞ்சள் தூள்

புது மாடல் வந்த முதல் மாதம் நன்றாக ஓடியது. விலை குறைவு, உடம்பு மெலிவு. போட்டிக் கம்பெனியின் ஆட்கள் எங்கள் கடைகளைச் சுற்றி வந்து பார்த்தார்கள். எம்.டி. ஸ்வீட் பெட்டி வாங்கி எல்லோருக்கும் கொடுத்தார்.

பிறகு வேன் வந்தது. வெறும் வேனாகத் திரும்ப வேண்டியது, மெஷின்களோடு திரும்பியது. படம் ஆடுகிறது, குறுக்கே கோடு விழுகிறது, சில மெஷின் எழவே இல்லை. பிரித்துப் பார்த்தால் எல்லாவற்றிலும் ஒரே குறை. ஸ்லாட்டின் பின்கள் போர்டிலிருந்து பெயர்ந்திருந்தன. எல்லா போர்டிலும் ஒரே கை எண். இருபத்தேழு.

வேறெப்படி இருக்க முடியும்? ஸ்லாட் வேலை முழுக்க அவர் செய்தது. ஆனால் பெஞ்சின்மேல் வரிசையாக வைத்துப் பார்க்கும்போது, கண்ணில் பட்டது அந்த எண் ஒன்றுதான்.

எம்.டி. ஒவ்வொரு போர்டாகத் திருப்பிப் பார்த்தார். “இருபத்தேழு... இருபத்தேழு... யாரு சார் இது? போட்டிக்காரன்கிட்ட டப்பு கிப்பு வாங்கிக்கினு பண்ணுதா?”

“அப்படியெல்லாம் இருக்காது சார். பார்த்துச் சொல்றேன்,” என்றேன்.

எஸ்தரைக் கூப்பிட்டேன். அவர் ஒரு போர்டை எடுத்து லென்ஸ் விளக்கின் கீழ் வைத்து நெடுநேரம் பார்த்தார்.

“சார், ஜாயின்ட்டு சரியில்லன்னா அங்க ஒண்ணு விடும், இங்க ஒண்ணு விடும். இது இடது கைப் பக்கமா வரிசையா பேந்துகினு வந்துகீது. அடியில கீற செம்பையும் சேத்து இட்டாந்துகீது. சோல்டர் விடல சார். யாரோ ஏறி மிதிச்சாப்ல கீது.”

அவர் சொன்னது சரி. சோல்டர் மோசமென்றால் பின் மட்டும் கழன்றுவரும். இதில் சோல்டர் பின்னை விடாமல் பிடித்திருந்தது. போர்டின் செம்பு கிழிந்து கூடவே வந்திருந்தது. மேலிருந்து ஒருபக்கமாகப் பலமாக அழுத்தினால்தான் அப்படி ஆகும். அவர் வைத்த ஜாயின்ட், போர்டைவிட உறுதியாக இருந்திருக்கிறது.

“இதையும் பாருங்க,” என்று ஸ்லாட்டைக் காகிதத்தின்மேல் கவிழ்த்துத் தட்டினார். மாவு மாதிரி மஞ்சள் தூள் விழுந்தது. “நம்ம மெஷினு கறுப்பு. நம்ம புதுக் கார்டும் கறுப்பு. மஞ்சா எங்கருந்து சார் வந்துச்சு?”

பழைய கார்டுகள் மஞ்சள்.

5. ஹமீது பாய் கடை

மறுநாள் கம்பெனிக் காரில் திருவள்ளூர் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஹமீது பாய் கடை. பழவேற்காட்டுக் குடும்பம், டார்ச் லைட், கடிகாரம், டி.வி. ரிமோட், கேம் மெஷின் எல்லாம் விற்பார். எங்கள் மெஷினை அதிகம் விற்றுக்கொடுத்த கடைகளில் ஒன்று.

“வாங்க இஞ்சினியர் சார்! நாஷ்டா ஆச்சா? ஆவலன்னா சொல்லுங்க, எதுத்தாப்ல இட்லி சூடா கீது.”

ஆச்சு என்றேன். கண் கவுன்டர்மேல் போனது. ஓர் அரம் கிடந்தது. பக்கத்தில் மஞ்சள் கார்டுகள், அவற்றைச் சுற்றி மஞ்சள் தூள்.

“இது என்ன பாய்?”

“இதுவா? உங்க மெஷின்ல ஒரு பல்லு கீதுல்ல, அதுக்கு வைத்தியம்.” பெருமையாகச் சிரித்தார். ஒரு கார்டை எடுத்து இடது ஓரத்தில் நாலு இழுப்பு இழுத்தார். வாயால் ஊதினார். ஷோவுக்கு வைத்திருந்த எங்கள் மெஷினில் செருகி, உள்ளங்கையை வைத்து ஓர் அழுத்து அழுத்தினார். டக் என்று சத்தம். டி.வி.யில் படம் வந்தது. “பாத்தீங்களா? மெஷின் வாங்கறவங்களுக்கு இது ஃப்ரீ சர்வீஸ். ஊட்ல கீற கார்டையெல்லாம் எடுத்தாங்கன்னு சொல்லிடுவேன்.”

“கார்டு நுழையாதுன்னு சொல்லி அனுப்பக் கூடாதா பாய்? புதுக் கார்டு வாங்கிக்க மாட்டாங்களா?”

அவர் என்னைப் பார்த்தார். “இன்னா சார் பேசறீங்க? பெட்டியில எல்லா கார்டும் ஓடும்னு நீங்கதானே போட்டுகிறீங்க? நான் நுழையாதுன்னா, பெட்டியைத் தூக்கி என் மூஞ்சி மேல காட்டறான். பேஜாரு புடிச்ச வேலையா போச்சு. சரி, நம்ம கம்பெனி பேரு கெடக் கூடாதேன்னு அரம் வாங்கினேன். நம்ம கடை மட்டும் இல்ல சார், பஸ் ஸ்டாண்ட்லருந்து தேரடி வரைக்கும் எந்தக் கடையில கேட்டாலும் அரம் கீது.”

அந்தக் கார்டை உருவிப் பார்த்தேன். பல்லுக்கு வேண்டிய அளவில் பாதிதான் தேய்த்திருந்தார். மீதிப் பாதி பல்லின்மேல் ஏறி உட்கார்ந்து, ஸ்லாட்டை ஒருபக்கமாக நெம்புகிறது. ஒரு தரம் இரண்டு தரம் தாங்கும். தினம் பத்துத் தரம் மாற்றி மாற்றிப் போட்டால் தாங்காது. நான் எடுத்துவிட்ட பிளாஸ்டிக் முட்டு இருந்திருந்தால் ஒருவேளை தாங்கியிருக்கும்.

ஹமீது பாய் எங்கள் நன்மைக்காகத்தான் அதைச் செய்துகொண்டிருந்தார். அவரிடம் ஒன்றும் சொல்லாமல் டீ குடித்துவிட்டு வந்தேன்.

6. அறிக்கை

எம்.டி.யிடம் பார்த்ததைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. மெதுவாகவே பேசினார்.

“டிசைன் தப்புன்னு நீங்க எழுதினா இன்னா ஆவும்? மோல்டை வெல்டிங்குக்கு அனுப்பணும். பெட்டியை மாத்தணும். கடைங்கள்ல கீற மெஷினெல்லாம் திரும்பி வரணும். போட்டிக்காரன் அந்தப் பேப்பரை ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் கடை கடையா ஒட்டுவான். சோல்டரிங்னு எழுதினா? ஒரு ஆளை மாத்தினா போதும்.” டிராயிங்கை என் பக்கம் நகர்த்தினார். “டிராயிங்ல இருக்கறது உங்க கையெழுத்து சார். பெட்டிலயும்தான். நான் உங்களை ஒண்ணும் சொல்ல மாட்டேன். யோசிச்சு எழுதுங்க. ரெண்டு நாள் எடுத்துக்குங்க.”

இரண்டு நாள் எனக்குத் தேவைப்படவில்லை. மதியச் சாப்பாட்டு மணிக்குள் எழுதிவிட்டேன். கேன்டீனிலிருந்து எலுமிச்சை சாத வாசனை வந்துகொண்டிருந்தது. ‘மூல காரணம்’ என்ற கட்டத்தில், ‘சோல்டரிங் குறைபாடு, கை எண் 27’ என்று எழுதினேன். ‘சரிசெய்யும் நடவடிக்கை’ என்ற கட்டத்தில், ‘பணியாளர் மாற்றம்’ என்று எழுதினேன். யாரும் என் கையைப் பிடித்து எழுதவைக்கவில்லை. எனக்கு ஓய்வு பெற மூன்று ஆண்டுகள் இருந்தன. நல்ல வடிவமைப்பாளன் என்ற பெயர் இருந்தது. அதைக் காப்பாற்றிக்கொண்டேன்.

பர்மனென்ட் பட்டியலில் எஸ்தர் பெயர் அடிக்கப்பட்டது. அடுத்த பத்து நாள் நிறுத்தத்துக்குப் பிறகு அவரைக் கூப்பிட வேண்டாம் என்று ஆள் எடுக்கும் பிரிவுக்குக் குறிப்புப் போனது. அவரிடம் அதைச் சொன்ன நாளில் என் மேஜைக்கு வந்தார்.

“சார், நீங்க திருவள்ளூர் போய் வந்தீங்கன்னு கார் டிரைவர் அண்ணன் சொன்னாரு. அங்க ஏதாச்சும் பாத்தீங்களா?”

“பார்த்தேன். ஒண்ணும் தெளிவாத் தெரியல.”

“மஞ்சாத் தூளு?”

“தெரியலம்மா.”

ஏப்ரன் பையிலிருந்து தன் கை எண் ஸ்டிக்கர் சுருளை எடுத்து என் மேஜைமேல் வைத்தார். பாதிதான் தீர்ந்திருந்தது.

“வேற யாருக்காச்சும் குடுங்க சார். நல்ல நம்பருதான்.”

7. மற்றவை

ஸ்லாட் வேலை கை எண் 31க்குப் போனது. அடுத்த வேனில் 31 என்று எழுதிய போர்டுகள் திரும்பி வந்தன. இதற்குப் பிறகும் எனக்கு வாய்ப்பு இருந்தது, அறிக்கையைத் திருத்தியிருக்கலாம். நாங்கள் வேறொன்று செய்தோம். லைனில் இரண்டு பெண்களை உட்காரவைத்து, ஒவ்வொரு மெஷினிலும் பல்லைக் கத்தியால் செதுக்கி எடுக்கச் சொன்னோம். மெஷின்கள் திரும்பி வருவது நின்றது. கோப்பில் இருந்த அறிக்கை அப்படியே இருந்தது. குறை எங்கே என்று கம்பெனி முழுக்கத் தெரியும், கோப்புக்கு மட்டும் தெரியாது.

பல் போனதும் கார்டு வியாபாரமும் போனது. மெஷினில் விட்ட நஷ்டத்தை எடுக்க இடமில்லை. போட்டிக்காரன் இன்னும் விலையைக் குறைத்தான், நாங்களும் குறைத்தோம். யார் முதலில் கீழே போய்ச் சேர்வது என்ற பந்தயம் அது. அதற்குள் விளையாட்டு செல்போனுக்குள் வந்துவிட்டது. இரண்டு கம்பெனியும் ஓராண்டு இடைவெளியில் மூடின. எங்கள் ஷெட் இப்போது காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குப் போகும் சரக்கை இறக்கிவைக்கும் கிடங்கு.

8. வேப்பம்பட்டு

நான் ஓய்வுபெற்றுத் திருநின்றவூரில் இருக்கிறேன். சென்ற ஆண்டு, அடுத்த ஸ்டேஷனான வேப்பம்பட்டில் ஒரு சர்வீஸ் கடை வைத்திருப்பது எஸ்தர்தான் என்று பழைய டிரைவர் ஒருவர் சொன்னார். ஒரு மாதம் போகவில்லை. பிறகு ஒரு நாள் போனேன். வெறுங்கையோடு போகக் கூச்சமாக இருந்தது. வீட்டில் ஞாபகத்துக்கென்று வைத்திருந்த புது மாடல் மெஷின் ஒன்றைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். பல் உள்ள மெஷின்.

சின்னக் கடை. செல்போன், மிக்ஸி, டி.வி. போர்டு. அவர் கண்ணாடி போட்டிருந்தார். என்னை உடனே அடையாளம் தெரிந்துகொண்டார்.

“வாங்க சார். உக்காருங்க.” பையைப் பார்த்தார். “பல்லு மெஷினா?”

ஆமாம் என்றேன். வாங்கி நான்கு ஸ்க்ரூவைக் கழற்றினார். கட்டிங் பிளேயரை எடுத்துப் பல்லைப் பிடித்து ஒரு வெட்டு. டக். கவுன்டர்மேல் விழுந்தது. அரிசி முனை அளவு இருந்தது.

“இதுல எனக்கு எவ்ளோ வேலை வந்துச்சு தெரியுமா சார்? ஊட்லயே ஒரு சோல்டரிங் அயன் வெச்சிக்கினு ஆரம்பிச்சேன். பொன்னேரி, மீஞ்சூரு, எல்லாத்துலருந்தும் எடுத்தாருவாங்க. பல்லை வெட்டி, ஸ்லாட்டுக்குக் கீழ ஒரு முட்டு குடுத்து அனுப்புவேன். ஒண்ணுகூடத் திரும்பி வரல.”

நான் எடுத்துவிட்ட முட்டுத் துண்டை, யாரும் சொல்லித்தராமல் அவர் திரும்ப வைத்திருக்கிறார்.

“அதுக்கு முன்னாடி?” என்று கேட்டேன்.

“அதுக்கு முன்னாடி ஒரு வருசம் ஒண்ணும் இல்ல சார். எஸ்டேட்ல மூணு கம்பெனிக்குப் போனேன். போன் பண்ணிக் கேப்பாங்க போல. ‘இருபத்தேழாம் நம்பரா நீங்க?’ன்னு ஒருத்தரு மூஞ்சிக்கு நேரா கேட்டாரு. ஏதோ ஜெயில்ல நம்பர் குடுத்தாப்ல.”

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சொல்ல வந்ததைச் சொன்னேன். திருவள்ளூரில் அரத்தைப் பார்த்தேன், எல்லாம் தெரிந்துதான் எழுதினேன், மன்னிப்புக் கேட்கும் தகுதிகூட இல்லை என்றேன். அவர் ஸ்க்ரூவை ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டிக்கொண்டே கேட்டார்.

“எனக்கு எதுக்கு சார் இதைச் சொல்றீங்க? எனக்குத்தான் அன்னிக்கே தெரியுமே. தெரியாதவங்ககிட்ட சொல்லுங்க.”

மெஷினைத் துடைத்துப் பையில் போட்டுக் கொடுத்தார். எவ்வளவு என்று கேட்டேன். பல் வெட்டுவதற்கு வழக்கமாக என்ன வாங்குவாரோ அதைச் சொன்னார். கொடுத்தேன். வாங்கிக்கொண்டு அடுத்தவருடைய போனை எடுத்தார்.

போட்டி இல்லாத தொழில் இல்லை. விலையைக் குறைக்கச் சொல்வார்கள், வடிவத்தை மாற்றச் சொல்வார்கள். அது உங்கள் வேலை, செய்யத்தான் வேண்டும். ஆனால் குறைத்தது எதுவும் காணாமல் போவதில்லை. தாங்கி நின்ற ஒரு முட்டு எடுபட்டால் அந்தப் பாரம் இன்னொரு இடத்தில் போய் உட்காரும். அது எங்கே, யார்மேல் உட்காரும் என்று டிராயிங்கில் கையெழுத்துப் போடுவதற்கு முன் பாருங்கள். உட்கார்ந்த பிறகு ‘மூல காரணம்’ என்ற கட்டத்தை நிரப்பும் பேனாவும் உங்கள் கையில்தான் இருக்கும். அப்போது உங்கள் பெயர் ஒருபக்கமும், பதில் சொல்ல வழியில்லாத ஒருவரின் எண் இன்னொரு பக்கமும் இருக்கும்.

அறிக்கையை அனுப்ப இப்போது கம்பெனி இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

பொருள்: டி.வி. கேம் மெஷின், இரண்டாம் மாடல்.

குறை: கார்டு ஸ்லாட்டின் பின்கள் போர்டிலிருந்து பெயர்தல்.

மூல காரணம்: ஸ்லாட் வாயில் வைத்த ஒன்றரை மில்லிமீட்டர் பல், ஸ்லாட்டின் கீழிருந்து எடுத்துவிட்ட முட்டு, பல் இருக்கும்போதே பெட்டியில் விட்டுவைத்த ‘எல்லா கார்டும் ஓடும்’ என்ற வரி. மூன்றிலும் கையெழுத்து என்னுடையது.

கை எண் 27, எஸ்தர்: ஜாயின்ட்டுகளில் குறை எதுவும் இல்லை.